வடிதாளில் கசகசா

உழவர்கரையில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஜானகிராமனைக் கல்லூரி கெமிஸ்ட்ரி லேபின் அட்டெண்டர் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. புரொபசர்கள் வருவார்கள், மாற்றலாகிக் காரைக்காலுக்கும் மாஹேவுக்கும் போவார்கள், ரிட்டயர் ஆவார்கள்; முப்பத்தோரு வருடமாக அந்த லேப் தன் தோளில்தான் நிற்கிறது என்பது அவருடைய எண்ணம். அதில் பாதிக்குமேல் உண்மைதான்.

ஃபில்டர் பேப்பர் என்கிற வட்டமான வடிதாளை அரையாக மடித்து, அதைக் காலாக மடித்து, புனலுக்குள் உட்காரவைத்து இரண்டு சொட்டு நீர் விட்டால், அவர் கைக்கு மட்டும் அது கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவர்தான் அதைச் செய்துகாட்டுவார். அவர் கண்ணில் மண்ணைத் தூவவும் முடியாது. சோதனையைச் செய்யாமலே பக்கத்து நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதுகிறவர்களை எட்டி நின்றே கண்டுபிடித்துவிடுவார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பிரிஸ்கில்லா என்ற பெண்ணை வகுப்பு மொத்தமும் பார்க்க நிறுத்திவைத்து, "பியூரெட்டத் தொடாமயே ரீடிங் எப்டி வந்துச்சு? இன்னா, ஜோசியம் பாத்தியா?" என்று கேட்டார். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவர் கவலைப்படவில்லை. பொய் ரீடிங் எழுதுவது திருட்டு என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் போன சித்திரையில் அந்தச் சங்கடம் வந்தது.

முதலில் அடிவயிற்றில் இடது பக்கம் வலித்தது. நாலு நாள் காய்ச்சலும் இருந்தது. வெயில் சூடு என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார், அடங்கிவிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒருநாள் காலையில் சிறுநீர் கழித்து முடிக்கிற நேரத்தில், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் சத்தத்தோடு காற்று பிரிந்தது. பின்பக்கம் அல்ல, முன்பக்கம். பாத்ரூமில் அவரைத் தவிர யாருமில்லை என்று தெரிந்தும் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு வாரத்தில் எரிச்சலும் குளிரும் வந்தன. அடுத்து வந்தது நாற்றம். சிறுநீர் கலங்கிப் போய், அதில் தவிட்டு நிறத்தில் துணுக்குகள் மிதந்தன. அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு வழியில் போக வேண்டிய அசிங்கம் இன்னொரு வழியில் வந்துகொண்டிருந்தது.

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லலாம், டாக்டர் இருக்கிறார். ஆனால் ஜானகிராமனுக்கு வாய் வரவில்லை. பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அன்பழகனிடம் போய், "யூரின் போனா எரியுதுங்க" என்று மட்டும் சொன்னார். எரிச்சல் கௌரவமான வியாதி. வெயில் காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு வருவது. டாக்டரும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் தேவலை, பதினோராம் நாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். மூன்றாவது முறை போனபோது டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "என்ன கிருமி வளருதுன்னு கல்ச்சர் எடுத்துப் பாத்துடலாம். மூலையில இருக்கிற லேப்ல யூரின் குடுத்துடுங்க" என்றார்.

மூலையில் இருக்கிற லேபில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பிரிஸ்கில்லா. கெமிஸ்ட்ரி முடித்து, அதற்கு மேல் லேப் டெக்னீஷியன் படிப்பும் முடித்து, குருசுக்குப்பத்திலிருந்து தினம் ஸ்கூட்டியில் வருகிறாளாம். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "அண்ணா, நல்லா இருக்கீங்களா? உக்காருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு மூடி போட்ட சின்ன டப்பாவை நீட்டினாள். அவள் முகத்தில் பழைய கோபம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால்கூட அவருக்கு நன்றாக இருந்திருக்கும். இந்தப் பெண் தன் சிறுநீரில் கலந்திருக்கும் மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்ததுமே அவருக்குக் காது மடல் சுட்டது.

"காலையில முதல் யூரின் எடுத்துக் கொண்டாறேம்மா" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் பாத்ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. கல்லூரி லேபிலிருந்து ஒரு உடைந்த டெஸ்ட் டியூபைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதவர், ஒரு பிளாஸ்டிக் புனலும் பத்து வடிதாளும் பையில் வைத்து எடுத்து வந்திருந்தார். அரையாக மடித்தார், காலாக மடித்தார். சிறுநீரை வடிகட்டினார். அசிங்கம் தாளில் தங்கியது, டப்பாவில் தெளிவாக மஞ்சள் நீர் இறங்கியது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு வேலைக்குப் போனார்.

ரிப்போர்ட் வந்தது. தெரிய வேண்டிய சீழ் அணுக்களும் தாளிலேயே தங்கிவிட்டதால், அவை ஒன்றிரண்டுதான் இருந்தன. தாளுக்குள் புகுந்து போகிற கிருமிகள் மட்டும் ஒன்றுக்கு மூன்று வகையாக வளர்ந்திருந்தன. சாம்பிள் எடுக்கும்போது அசுத்தமாகியிருக்கலாம், மறுபடி தரவும் என்று கீழே போட்டிருந்தது. டாக்டர் அன்பழகனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "மூணு கிருமி ஒண்ணா வராதுங்க. சுத்தமா புடிச்சுக் குடுங்க" என்றார். சுத்தமாகப் பிடித்துக் கொடுங்கள் என்றால் ஜானகிராமன் என்ன செய்வார்? இரண்டு தாளாக வைத்து வடிகட்டிக் கொடுத்தார். இப்படியே ஆடி போயிற்று, ஆவணி போயிற்று.

இது அவர் உடம்போடு நின்றிருந்தால்கூட இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் மனைவி அஞ்சலாட்சிக்குச் சர்க்கரை உண்டு. மாதவிலக்கு நின்றதிலிருந்து, இருமினாலோ தும்மினாலோ இரண்டு சொட்டு சிறுநீர் தன்னையறியாமல் வந்துவிடும். அந்த வயதில் பல பெண்களுக்கு இருப்பதுதான். அவளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வீட்டில் ஒரே பாத்ரூம், ஒரே படுக்கையறை. ஆனி மாதத்தில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, வீட்ல ஒரு மாதிரி வாட அடிக்குதுல்ல?"

"அப்டியா?"

"கொஞ்ச நாளாவே அடிக்குது. பாத்ரூம்ல, பெட்ஷீட்ல எல்லாம். எங்கிட்டருந்து வருதா? உள்ளதச் சொல்லுங்க."

இல்லை என்ற ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் அடுத்து அவள், பிறகு எங்கிருந்து வருகிறது என்று கேட்பாள். ஜானகிராமன் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "எதுக்கும் ஒரு லேடி டாக்டரப் பாத்துடேன்" என்றார்.

அஞ்சலாட்சியின் முகம் சுருங்கிப்போனதை அவர் பார்த்தார். அந்த நிமிஷத்தில் அவருக்குள் வந்தது நிம்மதி. எழுதவே கூசுகிறது, ஆனால் வந்தது நிம்மதிதான். அன்று ராத்திரி அவளாகவே பாயை எடுத்துக்கொண்டு ஹாலில் படுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தாள். லேடி டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியதை அவள் நம்பவில்லை. கூடவே இருக்கிற புருஷனே சொல்லிவிட்டாரே. ஷேர் ஆட்டோவில் ஓரமாக இடம் கிடைத்தால்தான் ஏறுவாள், இல்லையென்றால் நடப்பாள். பக்கத்து வீட்டுக் காதுகுத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவள், மொய்க் கவரை வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். சென்னையிலிருந்து மகள் சரிதா வந்தபோது பேரக்குழந்தையை மடியில் வாங்கவில்லை. "கை ஈரமா இருக்குதுடி" என்றாள். கை ஈரமாக இல்லை. ஜானகிராமன் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதே சொல்லிவிடலாம் என்று நெஞ்சு வரைக்கும் வந்தது. பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

தீபாவளிக்கு அஞ்சலாட்சி சோமாஸ் சுட்டாள். தேங்காய், பொட்டுக்கடலை, சர்க்கரையோடு வறுத்த கசகசாவை முழுசாகப் போடுவது அவள் வழக்கம். ஜானகிராமனுக்கு அது என்றால் உயிர். உட்கார்ந்த இடத்தில் ஏழெட்டு உள்ளே போயிற்று. மூன்றாம் நாள் காலையில் மறுபடி லேபுக்குச் சாம்பிள் கொடுக்க வேண்டியிருந்தது. தாழ் போட்டு, தாளை மடித்து, வடிகட்டினார். வழக்கமான கசண்டோடு தாளில் கடுகைவிடச் சின்னதாகச் சில மணிகள் கிடந்தன. விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஷேவிங் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த லென்ஸை எடுத்துப் பார்த்தார். அவரை விதைபோல் வளைந்து, மேலெல்லாம் வலை வலையாகக் கோடு. கசகசா.

முப்பத்தோரு வருடம் லேபில் நின்றவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தின்றது குடலுக்குப் போகும். குடலிலிருந்து சிறுநீர்ப்பைக்குக் கசகசா வருவதற்கு மனித உடம்பில் வழி கிடையாது. வழி இல்லாத இடத்தில் ஒரு வழி உண்டாகியிருக்கிறது. டாக்டர் அன்பழகன் ஐந்து மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பதில் ஜானகிராமன் உள்ளங்கையில் ஈரமாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்தத் தாளை அப்படியே ஒரு கவரில் போட்டு டாக்டர் மேஜையில் வைத்திருக்க வேண்டும். அவர் அதைச் சுக்குநூறாகக் கிழித்துக் கக்கூஸில் போட்டு இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினார்.

அன்று மத்தியானம் பிரிஸ்கில்லா போன் செய்தாள்.

"அண்ணா, சாம்பிள எதுலயாவது வடிகட்டினீங்களா?"

"இல்லியே. ஏம்மா?"

"மைக்ராஸ்கோப்ல ஃபில்டர் பேப்பர் நார் தெரியுதுண்ணா. போன தடவையும் தெரிஞ்சுது, டப்பாவுல ஏதோ ஒட்டியிருக்கும்னு உட்டுட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு அது நல்லாத் தெரியும்ணா, ஒங்க லேப்லதான பாத்தேன். எதுவா இருந்தாலும் பரவால்ல, நாளைக்கு இங்க வந்தே குடுங்க. நான் வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"துணி நாரா இருக்கும்" என்று சொல்லி போனை வைத்தார். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பெண் ஜோசியம் பார்த்தாயா என்று கேட்கவில்லை. ஒரு சொல் குத்தலாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த லேப் பக்கமே போகவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே பொங்கலையும் ஓட்டினார்.

மாசி பிறந்து நாலாம் நாள், பிராக்டிகல் பரீட்சைக்குப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் குளிரில் கிடுகிடுவென்று ஆடி ஸ்டோர் ரூம் தரையில் சரிந்தார். காய்ச்சல் நூற்று நாலு. கல்லூரிக்காரர்கள் ஆட்டோவில் போட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது, இன்னும் அரை நாள் தள்ளியிருந்தால் சிரமம் என்றார்கள். கை நரம்பில் மருந்து ஏறியது. சிறுநீருக்கு டியூப் போட்டு, அதன் பையைக் கட்டிலின் பக்கத்தில் மாட்டினார்கள். பத்து மாதமாகத் தாழ் போட்டு மறைத்தது போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கியது. சேறு கரைத்ததுபோல் இருந்தது. அவர் போர்வை நுனியை இழுத்து அதை மூடப் பார்ப்பார்; நர்ஸ் வந்து ஒவ்வொரு தடவையும் விலக்கிவிட்டுப் போவாள். அஞ்சலாட்சி கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஸ்கேனும் எடுத்திருந்தார்கள். காலையில் பெரிய டாக்டர் வந்தார், கூடவே எட்டு மாணவர்கள், கையில் நோட்டோடு. ஜானகிராமனுக்கு அந்த வயதுப் பிள்ளைகளைத் தெரியும். வாழ்நாள் முழுக்க அவர்கள் முன்னால் நின்றவர், இப்போது அவர்கள் முன்னால் படுத்திருந்தார்.

"ஸ்கேன்ல மூத்திரப்பையில காத்து தெரியுது" என்றார் பெரிய டாக்டர். "டியூப் போடறப்ப உள்ள போன காத்தாவும் இருக்கலாம். குடல் வந்து பைமேல ஒட்டின மாதிரியும் இருக்கு. குடல் சுவத்துல சின்னச் சின்னதா பை மாதிரி பிதுங்கி, அதுல ஒண்ணு புண்ணாகிப் பக்கத்துல ஒட்டி ஓட்ட போட்டுடும். அபூர்வமா வரும். ஐயா, டியூப் போடறதுக்கு முன்னால யூரின்ல காத்து பிரிஞ்சுதா?"

"இல்லைங்க" என்றார் ஜானகிராமன். வாய் பழகிவிட்டிருந்தது.

"அழுக்கு, துணுக்கு ஏதாவது?"

"இல்லைங்க."

டாக்டர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "இது முக்கியமான கேள்வி. இந்த ஸ்கேன் எல்லாம் இல்லாத காலத்துல பேஷண்டுக்குக் கசகசா சாப்பிடக் குடுத்து, ரெண்டு நாள் யூரின வடிகட்டிப் பாப்பாங்க. அதுல கசகசா வந்தா குடலுக்கும் பைக்கும் நடுவுல ஓட்ட இருக்குன்னு முடிவு பண்ணிடலாம். யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஒரு மாணவி மட்டும் அவசரமாக எழுதிக்கொண்டிருந்தாள். ஜானகிராமனுக்குத் தன் வீட்டு பாத்ரூமில் நடந்ததை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுபோல் இருந்தது.

"வந்துச்சுங்க" என்றார்.

"இன்னா வந்துச்சு?"

"கசகசா. தீபாவளிக்கு சோமாஸ் துன்னேன். நானே வடிகட்டினேன். ஃபில்டர் பேப்பர்ல ஒம்போது மணி இருந்துது." நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "காத்தும் பிரியும். மலமும் வரும். லேபுக்கு வடிகட்டித்தான் குடுத்தேன், வெக்கமா இருந்துச்சு. அதனாலதான் அவங்களால கண்டுபிடிக்க முடியல. அவங்க மேல தப்பு இல்ல."

பெரிய டாக்டர் கட்டில் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா ஒரே ஆபரேஷன்ல முடிச்சிருக்கலாம். இப்ப இவ்ளோ புண்ணுல குடல வெட்டி ஒடனே சேக்க முடியாது. வயித்துல ஒரு பை வெச்சு, மூணு மாசம் மலம் அது வழியாப் போகணும். அப்புறம் இன்னொரு ஆபரேஷன் பண்ணிச் சேக்கலாம். அதுக்கு முன்னால குடல்ல கட்டி கிட்டி இல்லன்னும் பாக்கணும்."

வயிற்றில் பை. ஜானகிராமன் தலையை ஆட்டினார். அவருக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. காதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளி ஸ்டூலில் சேலை சரசரத்தது.

எழுதிக்கொண்டிருந்த மாணவி நிமிர்ந்தாள். "எவ்ளோ நாளா ஐயா?"

"ரெண்டு மாசமா" என்றது வாய். அப்புறம் அவர் அந்தப் பெண்ணின் நோட்டைப் பார்த்தார். பேனா தாளைத் தொட்டுவிட்டிருந்தது.

"இல்லம்மா. அடிச்சிடு. பத்து மாசம். போன சித்திரையிலருந்து. வீட்லகூட வாட அடிச்சுது."

மாணவி எழுதிக்கொண்டாள். டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக, எட்டுப் பேரும் பின்னாலேயே போனார்கள். ஜானகிராமன் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பினாலும் காது கேட்கத்தானே செய்யும்.

"அப்ப அது நான் இல்லியா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"ஏங்க, திரும்பிப் பாருங்க. நான் இல்லியா?"

"நீ இல்ல."

"நான் கேட்டப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். அவள் கத்தவில்லை, அழவில்லை. எழுந்து, சேலை முந்தானையை எடுத்து மூக்கருகே பிடித்து முகர்ந்தாள். மறுபடி ஒருமுறை முகர்ந்தாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

வார்டு வாசலுக்கு நேரே வராண்டா பெஞ்ச் தெரியும். அதில் நோயாளிகளுக்குத் துணைக்கு வந்த பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்று அஞ்சலாட்சி கேட்டது அவருக்குக் கேட்டது. இரண்டு பேருக்கு நடுவில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவள் ஏதோ கேட்க, இவள் ஏதோ சொன்னாள். ஜானகிராமனுக்குத் தொண்டை வறண்டு கிடந்தது. தண்ணீர் பாட்டில் எட்டாத தூரத்தில் இருந்தது. அவளைக் கூப்பிட அவருக்கு முகம் இல்லை.